தட்டில் மிஞ்சிய இரண்டு பின்கள்

நீலத் தட்டின் மூலையில் இரண்டு பின்கள் கிடந்தன.

மதியம் இரண்டேகால் தாண்டியிருக்கும். வல்லம் வடகாலில் நான் வேலை பார்த்த கம்பெனியில் முதல் ஷிஃப்ட் முடிகிற நேரம். தகரக் கூரையின் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது ஷிஃப்டுக்கு வந்த பெண்கள் டீ மிஷின் பக்கத்தில் நின்று துப்பட்டாவைப் பிழிந்துகொண்டிருந்தார்கள். எண்ணெய், ரப்பர், ஈரத் துணி எல்லாம் கலந்து ஒரு வாசனை. இன்றைக்கும் மழை நாளில் அந்த வாசனை எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

தட்டு இசக்கியினுடையது. தென்காசிப் பக்கத்துப் பெண். எங்கள் லைனில் பத்து பேர், அவள் ஏழாவது ஆள். லாரிக்குப் போகிற கிளச் பெடலை நாங்கள் பூட்டிக் கொடுப்போம். பெடலையும் அதன் கம்பியையும் பிரியாமல் பிடித்துவைப்பது ஒரு சின்ன லாக் பின். அதைக் கட்டை விரலால் அழுத்திச் செருகுவதுதான் அவள் வேலை. எட்டாவது ஆள் அதன்மேல் ரப்பர் மூடியை மாட்டிவிடுவாள். மூடி மாட்டியபின் உள்ளே பின் இருக்கிறதா இல்லையா என்பது கடவுளுக்குத்தான் தெரியும். பத்தாவது ஆள் நான். ஸ்டிக்கர் ஒட்டிப் பெட்டியில் அடுக்குவேன்.

அன்றைக்கு முந்நூறு பெடல். ஸ்டோரிலிருந்து முந்நூறு பின். கடைசி பெடல் போனதும் தட்டு காலியாக இருக்க வேண்டும்.

வீட்டில் இரண்டு இட்லி மிஞ்சினால் யாராவது சாப்பிடுவார்கள். லைனில் இரண்டு பின் மிஞ்சினால், எங்கேயோ இரண்டு பெடல்கள் பின் இல்லாமல் போயிருக்கின்றன என்று அர்த்தம். எங்கோ ஒரு மேட்டில் ஒரு டிரைவர் மிதிக்கும்போது அது கையோடு வந்துவிடும், இல்லை, காலோடு. என் வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். அவர் காலுக்குக் கீழே இருப்பதும் யாரோ ஒரு பெண் பூட்டிய பெடல்தான்.

ஆனால் என் குழப்பம் அதோடு நிற்கவில்லை. அந்த இரண்டு பின்களும் நானே போட்டவையாகவும் இருக்கலாம்.

எப்படி என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் சுற்றிவர வேண்டியிருக்கிறது. நேராகச் சொல்லத் தைரியம் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

மிச்சமா, மீதியா?

இந்தப் பத்திரிகையில் நான் எழுதும் தொடரின் போன வாரப் பகுதியில் "மதியச் சோறு மீதி இருந்தது" என்று எழுதியிருந்தேன். வாலாஜாபாத்திலிருந்து ஒரு வாசகி, பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவராம், கடிதம் போட்டிருக்கிறார். "சோறு மிச்சம் இருக்கும், மீதி இருக்காது அம்மா" என்று. முதலில் கோபம் வந்தது. பிறகு உட்கார்ந்து யோசித்தால் அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

மீதி என்றால் ஒரு முழுசிலிருந்து கழித்தபின் நிற்பது. மீதிக் கதை, மீதி வழி, மீதி வேலை. அதற்கு இன்னும் ஏதோ ஆக வேண்டியிருக்கிறது. மிச்சத்துக்கு அப்படி இல்லை. எல்லாரும் சாப்பிட்டாயிற்று, எல்லாம் முடிந்தாயிற்று, அதற்குப் பிறகும் ஒன்று சும்மா உட்கார்ந்திருந்தால் அது மிச்சம்.

இது என் கணக்கு. அந்த அம்மா வேறு மாதிரி சொல்லக்கூடும். நான் பன்னிரண்டாவதோடு நின்றவள். ஆனால் சொற்களைப் பொறுக்கும் பைத்தியம் சின்ன வயதிலிருந்தே உண்டு. ஷிஃப்ட் கார்டின் பின்பக்கத்தில் எழுதிவைப்பேன். தேவைக்கு மேல் இருப்பதைச் சொல்ல நமக்கு எத்தனை சொற்கள் என்று ஒரு கார்டு முழுக்க எழுதியிருந்தேன். அந்தக் கார்டுக்குக் காரணமே இசக்கிதான்.

அவள் வந்த புதிதில் கேன்டீனில் குழம்பை வாயில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"யக்கா, உப்பு கூடிட்டு."

"யாரு கூடடி கூடிச்சி?" என்றேன் நான்.

"வெளாடாதிய. நீங்க எப்படிச் சொல்லுவிய?"

"உப்பு ஜாஸ்தின்னு சொல்லுவோம்."

"ஜாஸ்தியா? அது என்ன, பேய விரட்டுத மாதிரி இருக்கு!"

அன்றைக்குச் சிரித்ததில் எனக்குப் புரை ஏறிவிட்டது. பிறகு யோசித்தேன். எங்கள் பக்கத்தில் ஜாஸ்தியான எதுவும் நல்லதாக இருந்ததில்லை. உப்பு ஜாஸ்தி, வெயில் ஜாஸ்தி, வாய் ஜாஸ்தி. நல்லது தேவைக்கு மேல் இருந்தால் அது நிறைய. கல்யாண வீட்டில் பூ நிறைய இருந்தது என்போம், ஜாஸ்தி இருந்தது என்றால் வாங்கியவனை யாரோ திட்டுகிறார்கள் என்று பொருள். அளவு ஒன்றேதான். சொல்கிறவர் முகம்தான் மாறுகிறது.

யாரும் வாயால் சொல்லாத சொல்

உபரி என்று ஒன்று இருக்கிறது. நான் பிறந்தது, கட்டிக்கொண்டது எல்லாம் பென்னலூர்தான். இத்தனை வருடத்தில் எங்கள் தெருவில் ஒருவர்கூட உபரி என்று வாயைத் திறந்து சொல்லிக் கேட்டதில்லை. அது பேப்பரில் வரும். மழைக்காலத்தில் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வரும். "ஏரியின் உபரி நீர் திறக்கப்படுவதால் கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்கு..."

நாங்கள் சொல்வது ஏரி ரொம்பிடுச்சி, கலங்கல் போகுது. அவ்வளவுதான். கலங்கல் போகிறது என்றால், அதாவது ஏரி வழிகிறது என்றால், சைக்கிளை எடுத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போவோம். உபரி நீர் என்றால் கட்டிலின் மேல் காஸ் சிலிண்டரை ஏற்றிவைப்போம். இரண்டும் ஒரே தண்ணீர்தானே என்று கேட்டால், ஆமாம், ஒரே தண்ணீர்தான். எனக்கே அது விளங்கினபாடில்லை.

இன்னொன்று. என் அம்மா அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்லவே மாட்டார். "அரிசி நெறைஞ்சி கீது, வாங்கியாந்துடு" என்பார். டப்பாவைத் திறந்தால் அடியில் ஒரு வண்டு ஓடும். இல்லை என்று சொன்னால் வீட்டுக்கு ஆகாதாம். வாரம் தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வீடுதான் எங்களுடையது. அங்கேயும் உப்பும் அரிசியும் காலியாகாது, நிறைந்துதான் போகும். இருப்பதைச் சொல்ல ஒரு சொல், இல்லாததைச் சொல்லவும் அதே சொல். இப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவளுக்கு எது அதிகம் எது குறைவு என்று எப்படித் தெளிவாகத் தெரியும், சொல்லுங்கள்.

கொசுறு

காய் வாங்கினால் கடைக்காரர் கடைசியில் ஒரு கொத்து கறிவேப்பிலையைக் கிள்ளிப் போடுவாரே, அது கொசுறு. கேட்டு வாங்கினாலும் கொசுறுதான், கேட்காமல் போட்டாலும் கொசுறுதான். எடை போடமாட்டார்கள். கணக்கில் வராது. எனக்கு ரொம்பப் பிடித்த சொல்.

எங்கள் லைனிலும் கொசுறு உண்டு.

கம்பெனியில் ஒரு சட்டம். கீழே விழுந்த பாகத்தை எடுத்து மாட்டக் கூடாது. சிவப்புப் பெட்டியில் போட வேண்டும், ஒரு சீட்டு எழுத வேண்டும், அதில் பெயர் எழுத வேண்டும். மாதத்தில் மூன்று சீட்டு ஆனால் பெயர் ஆபீஸுக்குப் போகும். சட்டம் நல்லதுதான். ஆனால் சுண்டு விரல் நுனியளவு பின், வியர்த்த கை, நிமிடத்துக்கு ஒரு பெடல். விழாமல் இருக்குமா?

அதனால் ஒவ்வொருத்தியும் கொஞ்சம் ஒளித்துவைத்திருப்பாள். ஸ்டோர்காரர் எண்ணிக் கொட்டும்போது, பிடித்த ஆளாக இருந்தால் நாலைந்து கூடவே விழும். அதை எடுத்துத் தனியே வைத்துக்கொள்வோம். ஒன்று கீழே விழுந்தால் காலால் மெஷினுக்கு அடியில் தள்ளிவிட்டு, கொசுறிலிருந்து ஒன்றை எடுத்துத் தட்டில் போட்டுவிடுவோம். சீட்டு இல்லை, பெயர் இல்லை. ஷிஃப்ட் முடியும்போது தட்டு காலி, கணக்கு சரி. ஒருத்தி மேசைக்கு அடியில் காந்தம் வைத்து அதில் ஒட்டியிருந்தாள். ஒருத்தி ஷூவுக்குள். நான் பத்தாவது இடத்துக்கு வருவதற்கு முன்னால் மூன்று வருடம் ஏழாவது இடத்தில் நின்றவள். என்னுடையது ஒரு காலித் தைல டப்பாவில் இருந்தது. இடம் மாறியபோதும் அதை நான் விடவில்லை.

எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அப்போது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. பின் மிஞ்சினால் தப்பு எங்கேயோ நடந்திருக்கிறது என்று காட்டுவதற்காகத்தான் எண்ணிக் கொடுக்கிறார்கள். நாங்கள் மிஞ்சியதை ஒளித்தோம், குறைந்ததை நிரப்பினோம். வருடக்கணக்காக அந்தத் தட்டு தினமும் சரியாக இருந்தது. அது சரியாக இருந்ததற்கு ஒரு அர்த்தமும் இல்லை.

இசக்கியிடம் மட்டும் கொசுறு கிடையாது. "எனக்குப் பயமா இருக்குக்கா, பிடிச்சாவன்னா?" என்பாள். அந்த மாதம் அவள் பெயரில் ஏற்கெனவே இரண்டு சீட்டு.

பலகையில் ஒன்று

அந்த வாரத் தொடக்கத்தில்தான் லைனுக்கு எதிரே இருந்த வெள்ளைப் பலகையில் புதிதாக ஒரு வரி எழுதியிருந்தார்கள்.

தேவை 9. இருப்பு 10. எக்ஸஸ் 1.

அதற்கு முந்தைய வாரம் மூன்று நாள் ஆபீஸிலிருந்து ஒருவர் கையில் ஸ்டாப் வாட்ச்சுடன் எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றார். யார் எத்தனை நொடி எடுக்கிறோம் என்று எழுதினார். பத்து பேர் செய்வதை ஒன்பது பேர் செய்துவிடலாம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

இந்த இங்கிலீஷ் சொற்களை நாங்கள் தமிழாக்கிக்கொண்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. கேன்டீனில் எக்ஸ்ட்ரா அப்பளம் கேட்டால் சந்தோஷம். ஓவர் டைம் என்று பெயர் போட்டால் சண்டை போட்டுக்கொண்டு வாங்குவோம். அதே ஓவரை ஒரு ஆளுக்கு வைத்து "ரொம்ப ஓவரா பண்றா" என்றால் திட்டு. எக்ஸஸ் மட்டும் யார் வாயிலும் புழங்காது. அது பலகையிலும் ஃபைலிலும் இருக்கிற சொல். அன்றைக்குத்தான் அது ஒரு ஆளைக் குறித்து நான் பார்த்தேன்.

பத்து பேரும் படித்தோம். டீ நேரத்தில் சூப்பர்வைசர் தயாளன் வந்தார். வல்லத்துக்காரர், என் வயதுதான், நல்ல மனுஷன். கையைப் பிசைந்தபடி, "வார கடைசிக்குள்ள ஒரு பேர் குடுக்கணும்னு உசுர எடுக்கறானுங்க. நான் இன்னா பண்ணுவேன், சொல்லுங்க" என்றார்.

எனக்கு நாற்பத்துமூன்று வயது. மகள் நர்சிங் இரண்டாம் வருடம். லைனிலேயே வயதானவள் நான்தான், ஸ்டாப் வாட்ச்காரரின் தாளில் எனக்கு எதிரே ஏதோ சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்ததையும் பார்த்திருந்தேன்.

இசக்கிக்கு இருபத்திரண்டு. ஊரில் அம்மா தனியாக இருந்தார், கண் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. அவரை அழைத்துவந்து தன்னோடு வைத்துக்கொள்வதற்காக ஹாஸ்டலை விட்டு வெளியே வர இருந்தாள். எங்கள் தெருவிலேயே ஒரு அறை பார்த்துக் கொடுத்தது நான்தான். வாசலில் படி இல்லாத வீடாகப் பார்த்தேன், அந்த அம்மா தடுக்கி விழக்கூடாது என்று. அடுத்த மாதம் முதல் தேதி குடி வருவதாகப் பேச்சு. வேலை போனால் அறையும் கிடையாது, அம்மாவும் வர முடியாது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அடுத்து நான் செய்ததை நீங்கள் எப்படி எடுத்துக்கொள்வீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கே தெரியவில்லை.

நான் செய்தது

எங்கள் லைன் லாடம் போல வளைந்திருக்கும். ஏழாவது ஆளும் பத்தாவது ஆளும் கையெட்டும் தூரம்.

அன்றைக்கு மதியம் இசக்கி கையிலிருந்து இரண்டு பின் கீழே விழுந்தன. சத்தம் கேட்டுத் திரும்பினேன். அவள் குனிந்தாள், நிமிர்ந்தாள். சிவப்புப் பெட்டி அவள் காலடியில்தான் இருந்தது. அதில் போட்டிருப்பாள் என்று நினைத்தேன். சீட்டு எழுதவில்லை. எழுதினால் மூன்றாவது சீட்டு. எழுதாவிட்டால் ஷிஃப்ட் முடிவில் தட்டில் இரண்டு குறையும்.

பத்து நிமிடம் கழித்து அவள் தண்ணீர் குடிக்கப் போனாள். நான் பையிலிருந்த தைல டப்பாவைத் திறந்து இரண்டு பின்னை எடுத்து அவள் தட்டில் போட்டேன். ஒரு நொடி வேலை. அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்று மனதுக்குள் ஒரு நிறைவு.

அப்படித்தான் இருந்ததா?

இரண்டு குறைந்திருக்கும் என்று நினைத்து இரண்டு போட்டேன். ஆனால் குறைந்ததா என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. குறையாத தட்டில் இரண்டு போட்டால் இரண்டு மிஞ்சும், மிஞ்சினால் அவள் தலை உருளும். மூன்று வருடம் அந்த இடத்தில் நின்றவளுக்கு இது தெரியாதா? தெரியும். அந்த நொடியில் அது நினைவில் இருந்ததா? இருந்தது என்று ஒருநாள் தோன்றுகிறது. சத்தியமாக இல்லை என்று மறுநாள் தோன்றுகிறது.

ஷிஃப்ட் முடியும்போது அந்த இரண்டைப் பார்த்ததும் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தேன். தைல வாசனை அடித்தது. ஆனால் என் விரலிலேயே எந்நேரமும் அந்த வாசனைதான். பின்னில் அடிக்கிறதா, விரலில் அடிக்கிறதா?

நான் போட்டவை என்றால் ஒன்றுமில்லை. டப்பாவில் திரும்பப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். இல்லை, விழுந்த இரண்டும் சிவப்புப் பெட்டிக்குப் போய், நான் போட்ட இரண்டும் பெடலுக்குப் போய், இந்த இரண்டும் ஏதோ இரண்டு பெடலில் செருகாமல் விட்டவை என்றால்? லாரி வாசலில் நின்றது. பாதிப் பெட்டி ஏற்றியாகிவிட்டது.

சிவப்புப் பெட்டியை எட்டிப் பார்த்தேன். ஏழெட்டுப் பின் கிடந்தன, பழையதும் புதியதுமாக. அதுவும் உதவவில்லை.

இசக்கி தட்டைப் பார்த்து அப்படியே நின்றாள். "யக்கா, எல்லாத்துலயும் குத்துனேனே! ஒண்ணுகூட விடல்லியே!" என்றாள்.

நான் கையைத் தூக்கினேன். "சார், ஏழாவது தட்டுல ரெண்டு பின் மிச்சம் கீது. லாரிய நிறுத்துங்க."

அதைச் சொன்னேன். என் டப்பாவைப் பற்றிச் சொல்லவில்லை.

முந்நூறு மூடிகள்

லாரியிலிருந்து பெட்டிகளை இறக்கினார்கள். பத்து பேரையும் நிறுத்திவைத்தார்கள். ஒவ்வொரு பெடலாக எடுத்து, ரப்பர் மூடியைக் கழற்றி, கட்டை விரலால் பின்னை அழுத்திப் பார்த்து, மறுபடி மூடியை மாட்ட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நகக்கண் எல்லாம் எரிந்தது.

இசக்கி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூடியைக் கழற்றும்போதும் அவள் உதடு அசைந்தது. யாரை வேண்டினாளோ. நான் வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று வேண்டினேன். நூறு தாண்டியபின் ஒன்றாவது விட்டுப்போயிருக்கட்டும் என்று வேண்டினேன். விட்டுப்போயிருந்தால் நான் லாரியை நிறுத்தியது நியாயமாகிவிடும், அந்த டப்பாவைப் பற்றிப் பேசவே வேண்டியிருக்காது. அப்படி வேண்டும்போதே இசக்கியைத் திரும்பிப் பார்த்தேன். விட்டுப்போயிருந்தால் அதுவும் இவள் தலையில்தானே.

முந்நூறும் சரியாக இருந்தன. ஒன்றில்கூடக் குறை இல்லை.

நான்கைந்து பேர் கைதட்டினார்கள். தயாளன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் மெதுவாக அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"முந்நூறு குடுத்தோம். முந்நூறும் உள்ள கீது. அப்ப இந்த ரெண்டு எங்கேர்ந்து வந்துச்சி?"

பத்து பெண்களில் ஒன்பது பேர் தங்கள் ஒளிப்பிடத்தை நினைத்திருப்பார்கள். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. கணக்கில் வராத பாகம் யாரிடம் இருந்தாலும் வேலை போகும். அது வேலைக்குச் சேர்ந்த அன்றே கையெழுத்து வாங்கிய சட்டம்.

"இசக்கி, உன் தட்டும்மா. நீதான் சொல்லணும்."

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "கீழ விழுந்த ரெண்ட தொடச்சி மாட்டிட்டேன் சார். அது தப்புதான். இது எங்கேருந்து வந்துன்னு எனக்குத் தெரியாது" என்றாள்.

ஆக, அவள் சிவப்புப் பெட்டியில் போடவே இல்லை. எடுத்துத் துடைத்து மாட்டியிருக்கிறாள். தட்டில் ஒன்றும் குறையவில்லை. மிஞ்சிய இரண்டும் என்னுடையவை.

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். தொண்டை வரை வந்தது. "நான் போட்டேன் சார்." மூன்று சொற்கள். எனக்கு எத்தனை சொற்கள் தெரியும் என்று இந்தப் பகுதியில் உங்களிடம் பெருமை அடித்துக்கொண்டிருக்கிறேன். அந்த மூன்று வரவில்லை. வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான், வரவில்லை.

தயாளன் அவளைத் திட்டவில்லை. அதுதான் கொடுமை. நோட்டில் எழுதிக்கொண்டே, "ஒரு பேரு குடுக்கணுமேன்னு மூணு நாளா தூங்கல" என்று தனக்குள் சொன்னதுபோலச் சொன்னார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. என் முகத்திலும் தெரிந்திருக்குமோ என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஒன்பது பேர்

மறுநாள் காலை கேட்டிலேயே அவளுடைய பாஸை வாங்கிக்கொண்டார்கள். பலகையில் இருந்த வரியை யாரோ துணியால் அழித்திருந்தார்கள். ஏழாவது இடத்துக்கு என்னைத்தான் நிறுத்தினார்கள். பழகிய கையாம். பத்தாவது வேலையை ஒன்பதாவது ஆளோடு சேர்த்துவிட்டார்கள். வேலை ஓடியது. ஸ்டாப் வாட்ச்காரர் சொன்னது சரிதான், ஒன்பது பேரால் முடிந்தது.

அந்த டப்பாவைப் போகும் வழியில் வாய்க்காலில் எறிந்தேன். அதனால் யாருக்கு என்ன ஆயிற்று, ஒன்றும் இல்லை.

ஷிஃப்ட் முடிந்து நேராக அவள் ஹாஸ்டலுக்குப் போனேன். என்ன சொல்லப் போகிறேன் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். வேணும்னே செய்யலடி. உன்னைக் காப்பாத்தத்தான்டி. வீட்டில் பொண்ணு படிக்கிறாடி. எல்லாமே உண்மை போலவும் இருந்தது, பொய் போலவும் இருந்தது.

அறையில் ஆறு கட்டில். மற்றவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். இசக்கி கட்டிலில் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கக்கா, உக்காருங்க" என்று கட்டிலில் இடம் ஒதுக்கினாள். டீ வாங்கி வரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

"அம்மாட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். சரி, வா தாயின்னுட்டா." ஒரு துப்பட்டாவை உதறி மடித்தாள். "அந்த ரூம்காரவட்ட நீங்களே சொல்லிருங்கக்கா. வேற யாருக்காவது குடுக்கட்டும்."

நான் வாயைத் திறந்தேன். "இசக்கி, அந்த ரெண்டு பின்னு..."

"தெரியும்க்கா."

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"தண்ணிக் கொழாகிட்ட நின்னு பாத்தேன், ஒங்க கை என் தட்டுப் பக்கம் போச்சி. அப்பம் என்னன்னு வெளங்கல. நேத்து எல்லாத்துலயும் பின்னு இருக்குன்ன ஒடனேதான் வெளங்கிச்சி."

"அப்ப ஏன்டி சொல்லல? என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாமேடி!" நான் கத்திவிட்டேன். கோபப்பட எனக்கு என்ன உரிமை இருந்தது என்று தெரியவில்லை. கோபம்தான் வந்தது.

ஏன் போட்டீர்கள் என்று அவள் கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை.

அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். பிறகு ஏதோ சின்ன விஷயம் பேசுகிற குரலில் சொன்னாள்.

"சொல்லிருந்தா, விழுந்தத மாட்டுனதுக்கு என்னையும், இதுக்கு ஒங்களையும் சேத்துல்லா அனுப்பிருப்பாவ. அவியளுக்கு வேண்டியது ஒரு ஆளு. ரெண்டு பேரு எதுக்குக்கா? ஒரு ஆளு போதும்லா."